டோக்கியோவா, பனிமலையா? கணவரின் பாதத்தையும் மாமியாரின் முழங்காலையும் பார்த்து முடிவெடுங்கள்

பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து 43 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு வயது 49. செம்பனை ஆலையில் மேற்பார்வையாளர். பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்புநீர். சாப்பாட்டுக்கு முன்னும் இரவிலும் இன்சுலின் பேனா போட்டுக்கொள்கிறார். மாமியாருக்கு 71. முப்பது ஆண்டுக்கு மேல் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்தவர். இரண்டு முழங்காலிலும் தேய்மானம், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. மகளுக்கு 15, ஆஸ்துமா உள்ள மகனுக்கு 10. பல ஆண்டுச் சேமிப்பில் டிசம்பரில் பத்து நாள் ஜப்பான் போகப் போகிறார்கள். மகளுக்கு டோக்கியோ வேண்டும். மகனுக்கு ஹக்குபாவில் பனிச்சறுக்கு. மாமியார், "கண்ண மூடுறதுக்குள்ள ஒரு தடவ பனிய கையால தொட்டுப் பாத்துடணும்" என்கிறார். கணவரோ, "மலையில காத்து கம்மி, அம்மாவுக்கு ஆகாது, டோக்கியோதான் பாதுகாப்பு, குளிருக்குக் கொஞ்சம் பிராந்தி போதும்" என்கிறார். நாத்தனார் அம்மாவை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார். மகனுக்கு இங்கே வாரத்தில் மூன்று நான்கு முறை, மூச்சுத்திணறலை உடனே தணிக்கும் நீல பம்ப் தேவைப்படுகிறது, மலைக் காற்று சுத்தமானதால் அங்கே தேவைப்படாது என்று வாசகி நினைக்கிறார். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "இவருக்கு ராத்திரியில் பாதம் மரத்துப் போகிறது, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பார், மற்றபடி நல்லாத்தான் இருக்கிறார்."

அன்புச் சகோதரி, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரிதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமானது. வீட்டில் எல்லோரும் மாமியாரைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அதிகக் கவலை உங்கள் கணவரின் பாதத்தைப் பற்றித்தான். அதற்குப் போகுமுன், மலையைப் பற்றிய பயத்தைத் தீர்த்துவிடுகிறேன்.

மலையில் காற்று குறைவா?

கேமரன் மலைக்கு மாமியார் பலமுறை போய் வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்குள்ள தானா ராத்தா ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹக்குபா கிராமம் சுமார் 700 மீட்டர்தான். அங்குள்ள பெரிய சறுக்கு மலையான ஹப்போ ஒனேயில் லிஃப்ட் ஏறி உச்சி வரை போனாலும் 1,831 மீட்டர். உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி, மூச்சுமுட்டல் எல்லாம் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். ஆகவே உங்கள் கணவர் சொல்லும் காரணம் ஜப்பானின் பனி ஊர்களுக்குப் பொருந்தாது. காஷ்மீரின் குல்மார்க்கையோ (ஊரே சுமார் 2,650 மீட்டர்), சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக்கையோ (3,454 மீட்டர்) நீங்கள் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

மலையில் பார்க்க வேண்டியது குளிரும் வழுக்கலும்தான். டிசம்பர் பிற்பகுதியில் டோக்கியோவில் பகலில் 10 டிகிரியை ஒட்டி இருக்கும், வெயிலும் அடிக்கும். அதே நாளில் மலைகளுக்கு அந்தப் பக்கம் பனி கொட்டிக்கொண்டிருக்கும். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, மலையில் மோதி மேலெழும்பி, அந்த ஈரத்தைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. மிஞ்சிய வறண்ட காற்றுதான் டோக்கியோவுக்கு வருகிறது. ஹக்குபா பக்கம் பகலில் 0 டிகிரியை ஒட்டியும், இரவில் அதற்குப் பல டிகிரி கீழேயும் போகும்.

டோக்கியோ சுலபம் என்று யார் சொன்னது?

முழங்கால் தேய்ந்த ஒருவருக்குப் பெருநகரம் எளிதல்ல. டோக்கியோவில் சுற்றிப் பார்க்கும் ஒரு நாளில் 15,000 காலடி நடப்பது சாதாரணம். பெரிய நிலையங்களில் ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறவே பத்து நிமிடம் நடக்க வேண்டியிருக்கும். மின்தூக்கி இருக்கும், ஆனால் பல இடங்களில் அது நடைமேடையின் ஒரு கோடியில் இருக்கும். அதைத் தேடாமல் கூட்டத்தோடு போனால் படிக்கட்டில்தான் இறங்க வேண்டும், தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் அதிக வலி. பனி ஊரிலோ, தங்குமிடம் சரியாக அமைந்தால் மாமியார் சூடான கூடத்தில் உட்கார்ந்து பனியைப் பார்க்கலாம். விரும்பும்போது அரைமணி நேரம் வெளியே போய், கையால் தொட்டுவிட்டு வரலாம். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போக மருத்துவக் காரணம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. நடந்தால் நெஞ்சு இறுக்கம், மூச்சுவாங்கல் இருந்தால் மட்டும் முதலில் இதயத்தைப் பரிசோதியுங்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்த அழுத்தம் ஏறும்.

இன்றிலிருந்தே அவருக்கு ஒரு பயிற்சி. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். 10 தடவை, ஒரு நாளில் மூன்று முறை. முடியாவிட்டால் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எட்டு வாரம் விடாமல் செய்தால் தொடைத் தசை பலப்பட்டு முழங்காலின் சுமை குறையும். கூடவே, வலிக்கத் தொடங்கும் வரை ஒரே வீச்சில் எத்தனை காலடி நடக்கிறார் என்று கைப்பேசியில் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையில் பாதியில் ஓர் ஓய்வு என்பதுதான் டோக்கியோவில் அவருடைய கணக்கு. மீதித் தூரத்துக்குச் சக்கர நாற்காலி. விமான நிலையத்தில் அது வேண்டுமென்று புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் பதிந்துவிடுங்கள்.

வலிக்குப் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில். ஒரு நாளில் எட்டு மாத்திரையைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோயோ மிகக் குறைந்த எடையோ இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தினமும் கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். முழங்காலில் தடவும் ஜெல் பரவாயில்லை. ஜப்பானில் ராமென் சூப்பை முழுக்கக் குடித்தால் ஒரு கிண்ணத்திலேயே 5, 6 கிராம் உப்பு சேர்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வதே 5 கிராமுக்கும் கீழேதான். நூடல்ஸைச் சாப்பிட்டுவிட்டு சூப்பை வைத்துவிடச் சொல்லுங்கள்.

கணவரின் பாதம்

இரவில் மரத்துப் போவதும் எறும்பு ஊர்வதும் பல ஆண்டு இனிப்புநீரால் நரம்பு பாதிக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். இதை இங்கேயே, உங்கள் ஊர் அரசு கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் சோதிக்கலாம். மோனோஃபிலமென்ட் என்ற மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் சில இடங்களில் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்பார்கள். சில நிமிட வேலை, வலிக்காது. கண்ணின் விழித்திரைப் பரிசோதனை இந்த ஆண்டு செய்யாமலிருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் அவர் பனிச்சறுக்கு பூட் போடக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த பூட் கடினமான பிளாஸ்டிக். காலை இறுக்கிப் பிடித்தால்தான் சறுக்குக் கட்டையைத் திருப்ப முடியும். நமக்கு அழுத்தும்போது வலிக்கிறது, தளர்த்துகிறோம். உணர்ச்சி இல்லாத பாதத்துக்கு அந்த எச்சரிக்கை வராது. மாலையில் கழற்றும்போது கொப்புளம் உடைந்திருக்கும், அதிலிருந்து புண் வரும். இனிப்புநீர்ப் பாதத்தில் வந்த புண் எவ்வளவு தூரம் போகும் என்பதை நம் ஊரில் விளக்கத் தேவையில்லை. ஊரில் சும்மா நடக்க, ஒரு அளவு பெரிய பனிக் காலணியும் கம்பளிக் காலுறையும் போதும். பருத்திக் காலுறை வேர்வையைப் பிடித்துவைத்துக் காலைச் சில்லிட வைக்கும். தினமும் இரவில் கைப்பேசி வெளிச்சத்தில் அவருடைய பாதங்களை, விரல் இடுக்கு உட்பட, நீங்களே பாருங்கள்.

ஜப்பானில் பல கடைகளிலும் 'கைரோ' என்ற சூட்டுப் பொட்டலம் விற்பார்கள். பிரித்தால் தானாகவே சூடேறி மணிக்கணக்கில் சுடும். உணர்ச்சியுள்ள நமக்கு அது வரப்பிரசாதம். அவருடைய காலணிக்குள் வைத்தால் சுட்டது தெரியாமலேயே தோல் வெந்துவிடும். வெந்நீர் ஊற்றுக் குளியலிலும் அதே ஆபத்து, அங்கே நீர் 40 டிகிரிக்கு மேல் இருப்பது வழக்கம். முதலில் அவர் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டு, பிறகு சில நிமிடம் மட்டும் இறங்கட்டும். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்ட கையோடு குளிக்கப் போக வேண்டாம். சூட்டில் ஊசி மருந்து வேகமாக உடம்பில் ஏறி, சர்க்கரை சட்டென்று இறங்கும்.

இன்சுலினும் குளிரும்

நம் ஊரில் இன்சுலினுக்குச் சூடுதான் எதிரி என்று பழகிவிட்டோம். அங்கே உறைவதுதான் பிரச்சினை. ஒரு முறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் வேலை செய்யாது, எறிந்துவிட வேண்டும். அதனால் விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் கூடாது. வெளியே போகும்போது மேல்சட்டையின் வெளிப் பையிலோ முதுகுப் பையிலோ வைக்காமல், உடம்பை ஒட்டிய உள்பையில் வைக்க வேண்டும். ஹோட்டல் அறையில் சன்னல் ஓரமும், குட்டிக் குளிர்பெட்டியின் உறைபகுதியும் வேண்டாம். பயன்பாட்டில் உள்ள பேனா பெரும்பாலானவற்றை 30 டிகிரிக்குக் கீழே 28 நாள் வரை வெளியே வைத்துக்கொள்ளலாம்; உங்கள் பேனாவின் தாளில் பார்த்து உறுதிசெய்யுங்கள். சர்க்கரை அளக்கும் மீட்டரும் கடும் குளிரில் பிழை காட்டும் அல்லது வேலை செய்யாது. அதையும் உள்பையில் வைத்து, அறைக்குள் வந்து கையைச் சூடாக்கிக்கொண்டு அளக்கச் சொல்லுங்கள்.

நடையும் குளிரும் சர்க்கரையை இறக்கும். சர்க்கரை தாழ்ந்தால் நடுக்கம், வேர்வை, குழப்பம் வரும். பனியில் நடுங்கினால் குளிர் என்றே எல்லோரும் நினைப்பீர்கள். ஆகவே ஒரு விதி: வெளியே இருக்கும்போது நடுக்கமோ பேச்சில் தடுமாற்றமோ வந்தால், காரணம் தேடாமல் உடனே அளக்க வேண்டும். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை: மூன்று தேக்கரண்டி சீனி, அல்லது அரை கிளாஸ் பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, ஏறாவிட்டால் மறுபடி கொடுங்கள். மீட்டர் வேலை செய்யாவிட்டால் சர்க்கரை தாழ்ந்ததாகவே வைத்துக்கொண்டு சீனியைக் கொடுத்துவிடுங்கள். நிறைய நடந்த நாளின் இரவில் இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். எத்தனை யூனிட் என்பதைப் போகுமுன் அவருடைய டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நேர வித்தியாசம் ஒரு மணி நேரம்தான் என்பதால் ஊசி நேரத்தைப் பற்றிக் கவலை இல்லை.

பிராந்தி வேண்டாம். மது தோலின் ரத்தக் குழாய்களை விரிப்பதால் சூடு போலத் தோன்றும், உண்மையில் உடம்பின் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். இன்சுலின் போடுபவருக்கு இன்னொரு கேடும் உண்டு. சர்க்கரை தாழும்போது கல்லீரல் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், மது அதைத் தடுத்துவிடும்.

மகனின் ஆஸ்துமா

வாரத்தில் மூன்று நான்கு முறை நீல பம்ப் தேவைப்படுகிறது என்றால் அவனுடைய ஆஸ்துமா இங்கேயே கட்டுக்குள் இல்லை. குளிர்ந்த வறண்ட காற்று எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மூச்சுக் குழாயைச் சுருக்கும். ஓடியாடினால் இன்னும் சுருக்கும். தினமும் எடுக்கும் தடுப்பு பம்ப் பற்றி இப்போதே டாக்டரிடம் பேசுங்கள், அது முழுப் பலன் தர வாரங்கள் ஆகும். கட்டுக்குள் வந்துவிட்டால் அவன் தாராளமாகச் சறுக்கலாம். சறுக்குவதற்கு 15 நிமிடம் முன் நீல பம்ப் எடுக்கலாமா என்பதைக் கேட்டு வையுங்கள், மூக்கையும் வாயையும் மூடி ஒரு கழுத்துத் துணி கட்டிவிடுங்கள். பம்ப்பும் குளிரில் சரியாகப் பீய்ச்சாது, அதுவும் உள்பைக்குத்தான். பம்ப் எடுத்து 20 நிமிடத்தில் மூச்சு சீராகாவிட்டால் மலையில் இருக்கும் மீட்புக் குழுவை அழையுங்கள். ஊருக்குள் என்றால் ஆம்புலன்ஸ் எண் 119.

பிள்ளைகள் இருவருக்கும் முதல் நாள் அரை நாள் பயிற்சி வகுப்பு, தலைக்கவசம். வாடகைக் கடையில் எடையையும் உயரத்தையும் கூட்டிக் குறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் விழும்போது கட்டை காலை விட்டுக் கழன்றுகொள்ளும் இறுக்கத்தை அதை வைத்துத்தான் அமைப்பார்கள். கழலாவிட்டால் முறுக்கப்படுவது முழங்கால். மகள் ஒற்றைப் பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்டு கேட்டால் மணிக்கட்டுக் காப்பு போடச் சொல்லுங்கள், அதில் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு உடைவது அதிகம். களைத்த பிறகு "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" வேண்டாம். மேகமூட்டமான நாளிலும் எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டும், புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும்.

மருந்தும் காப்புறுதியும்

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை ஒரு மாத அளவு வரை ஜப்பானுக்கு முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம். எல்லாவற்றையும் மூல டப்பாவோடு, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய டாக்டர் கடிதத்தோடு கைப்பையில் வையுங்கள். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் இருக்கும். அது 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ள மருந்து அங்கே தடை. கோடீன் கலந்த இருமல் மருந்தையும் வீட்டில் விட்டுவிடுங்கள். புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன் எல்லோரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், அங்கே அது ஃப்ளூ காலம்.

காப்புறுதியில் இரண்டு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: ஏற்கெனவே உள்ள இனிப்புநீரும் ஆஸ்துமாவும் அடங்குமா? பனிச்சறுக்கு அடங்குமா, தனியாகச் சேர்க்க வேண்டுமா? நிறுவனம் உடல்நலம் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் பிற்பாடு இழப்பீட்டை மறுக்கவோ குறைக்கவோ அதுவே வழியாகிவிடும். வேலி போட்ட சறுக்குப் பாதையைத் தாண்டிப் போய் அடிபட்டால் பல பாலிசிகள் கொடுக்காது.

என் தேர்வு

இரண்டில் ஒன்று என்று நீங்கள் கேட்டீர்கள். உங்கள் குடும்பத்துக்கு டோக்கியோவை இருப்பிடமாக வைத்துக்கொண்டு, ஹக்குபாவுக்குப் பதில் யுசாவா என்ற பனி ஊரில் இரண்டு இரவு தங்குவதே சரி. ஹக்குபாவுக்கு நாகானோ வரை புல்லட் ரயில், அதன் பிறகு ஒரு மணி நேரம் பஸ். யுசாவாவுக்கு டோக்கியோவிலிருந்து ஒரே ரயிலில் ஏறத்தாழ 80 நிமிடம். காலா யுசாவா என்ற சறுக்குத் திடல் ரயில் நிலையக் கட்டடத்தோடே சேர்ந்திருக்கிறது. அதன் உச்சியே 1,181 மீட்டர்தான், தானா ராத்தாவைவிடத் தாழ்வு. சறுக்காதவர்களுக்கும் அங்கே பனியில் விளையாட இடம் உண்டு. உங்கள் கணவர் அம்மாவோடு அங்கே இருக்கலாம், யாருக்காவது முடியாமல் போனால் அன்றே டோக்கியோவுக்குத் திரும்பிவிடலாம். ஹக்குபாவின் சரிவுகள் பெரியவைதான், ஆனால் முதல் தடவை கட்டை மாட்டும் பத்து வயதுப் பையனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

முதலில் டோக்கியோவில் ஐந்து இரவு. அந்த நாட்களில் உடம்பு குளிருக்குப் பழகும், கணவரின் சர்க்கரை எப்படிப் போகிறது என்றும் தெரியும். பிறகு யுசாவா. கடைசி இரண்டு இரவு மறுபடியும் டோக்கியோ, ஏனென்றால் கடும் பனியில் ரயில் தாமதமானால் விமானத்தை விட்டுவிடக் கூடாது. பெரிய பெட்டிகளை ஹோட்டலிலிருந்து ஹோட்டலுக்குக் கூரியரில் அனுப்பிவிடலாம், பொதுவாக மறுநாள் வந்துவிடும். மருந்துப் பை மட்டும் உங்கள் கையில்.

டிசம்பர் முதல் பாதி வேண்டாம். காலா யுசாவா வழக்கமாக டிசம்பர் நடுவில்தான் திறக்கும், பனியும் போதாமல் இருக்கலாம். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை ஜப்பானில் பெரும்பாலான கிளினிக்குகள் மூடியிருக்கும், விலையும் ஏறும். ஆகவே 17 வாக்கில் போய் 27க்குள் திரும்புவது நல்லது. பனிக்கட்டி படிந்த நடைபாதையில் காலணி அடியில் மாட்டும் முள் பட்டை மாமியாருக்குக் கட்டாயம். பனி ஊர்க் கடைகளிலேயே விற்கும்.

புறப்படுவதற்கு எட்டு வாரம் முன்பே கணவர், மாமியார், மகன் மூன்று பேருக்கும் கிளினிக்கில் நாள் குறித்துவிடுங்கள். திருப்பிப் பெற முடியாத டிக்கெட்டையும் அறையையும் அந்தப் பரிசோதனை முடிவுகள் கைக்கு வந்த பிறகே வாங்குங்கள். பாதத்தில் ஏற்கெனவே புண்ணோ நிறமாற்றமோ தெரிந்தால் எட்டு வாரமெல்லாம் காத்திருக்காமல் நாளைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள்.